பம்பரத்தில் இரு பகரம்

சவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரிலும் அரசுப் பள்ளிச் சிறார்க்கு ஆங்கிலம் முதல் வகுப்பிலேயே தொடங்குகின்றது. 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், மூன்றாம் வகுப்பு முடிய, தமிழோடும் கணக்கோடும் அதனையும் சேர்த்துக்கொண்டது. நோக்கம் நன்று. ஆயினும், எழுத்தின் பெயரை முதற்கண் ஒப்பிக்கச் செய்யும் பழைய வழக்கத்தை யாம் உடன்படுகின்றிலேம். தமிழில் 'க' என்னும் எழுத்திற்குப் பெயரும் ஒலியும் ஒன்றே. 'டபிள்யூ' என்னும் பெயரிலோ அவ்வெழுத்துக்குரிய ஒலியே இல்லை! பெயரைக் கற்ற பிள்ளை சொல்லைக் கூட்டிப் படிக்கத் திகைத்தல் அதன் குற்றமன்று.

பிறிதொன்று. 'பம்பரம்' என்பதன் முதற்பகரம் அதிராது ஒலிக்கும். மகரத்தை அடுத்தது அதிர்ந்தொலிக்கும். தமிழில் இரண்டும் ஓரெழுத்தே. ஆங்கிலத்தில் 'பி', 'பீ' என ஈரெழுத்துகள். பிள்ளை இவற்றை மாற்றியெழுதின் சிவப்பு மையால் அடிப்பதனினும், பம்பரத்தை இருமுறை சொல்லச் செய்து அவ்வேறுபாட்டைக் கேட்பித்தலே தகும். மாற்றொலி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நம் துறையினர் இதனைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு எடுத்துரைத்தது மிகக் குறைவு.