செம்மரக் கழுத்து

திருப்பதி, சித்தூர் பக்கம் செம்மரம் என்றாலே கடத்தல் செய்திதான் ஞாபகம் வரும். சேஷாசலம் மலைச் செம்மரம் தண்ணீரில் மூழ்கும், அவ்வளவு அடர்த்தி. ஜப்பானின் மூன்று தந்தி வாத்தியமான ஷாமிசெனில், உயர்ரகக் கழுத்துகளை இந்த மரத்தில்தான் இழைக்கிறார்கள். அந்தக் கழுத்தில் சுர இடம் காட்டும் குறுக்குப் பட்டைகளான மெட்டுகள் கிடையாது. தந்தியும் விரலும் மரத்திலேயே உரசுவதால், மென்மரம் சீக்கிரம் குழிந்துவிடும். கழுத்தை மூன்று துண்டாகக் கழற்றி எடுத்துப் போகலாம். மறுபடி பொருத்தினால் இணைப்பு விரலுக்குத் தட்டுப்படக் கூடாது. தச்சரின் கைவேலையை அங்கேதான் பார்க்க வேண்டும்.

நம் தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம். 24 மெட்டுகளும் கரிய மெழுகில் உட்கார்ந்திருக்கும். மெழுகு இளகினால் சுருதி பிசகும், மெட்டுகளை மறுபடி பதித்து மேளம் கட்ட ஆளைத் தேட வேண்டும் (அது தனி அவஸ்தை).

1995 முதல் செம்மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நாமோ அதில் கொலு மரப்பாச்சி செதுக்குவதோடு நின்றுவிட்டோம். எனக்கு அது பெருங்குறை.