கதண்டைப் பின்தொடர்கிறவர்கள்

மூடியில் துளையிட்ட ஒரு குப்பி. துளையில் செருகிய துணித்திரி. உள்ளே இனிப்பு வாசனையடிக்கும் திரவம். ஜெர்சித் தீவில் கதண்டுக் கூடு தேடிப் போகிறவர்களின் முதல் கருவி இவ்வளவுதான். இதில் விழுந்து எந்தப் பூச்சியும் சாவதில்லை. வந்த கதண்டு திரியில் உட்கார்ந்து வயிறாரக் குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அதற்குத்தான் இத்தனை உபசாரம்.

விருந்தாளி, ஆசியாவைச் சேர்ந்த மஞ்சள்கால் கதண்டு. சீனாவிலிருந்து பிரான்சுக்குப் போன மட்பாண்டச் சரக்கில் ஒரே ஒரு ராணி ஒளிந்து போயிருக்கும் என்கிறார்கள். 2004-இல் பிரான்சின் தென்மேற்கில் தென்பட்டது. 2016-இல் கடல் தாண்டி ஜெர்சிக்கு வந்துவிட்டது. தேன்பெட்டி வாசலுக்கு எதிரே அந்தரத்தில் நின்றபடி, வீடு திரும்பும் தேனீயைக் கவ்வும். தலை, வயிறு, சிறகெல்லாம் நறுக்கி எறிந்துவிட்டு, சதைப்பற்றுள்ள நெஞ்சை மட்டும் தன் புழுக்களுக்குக் கொண்டுபோகும். அப்படிப் போகும் தேனீக்களைவிட, பயந்துபோய் உள்ளேயே முடங்குகிற தேனீக்களால்தான் நட்டம் அதிகம். சேமிப்பு இல்லாத குடி குளிர்காலத்தைத் தாண்டாது.

நம்மூர் அடுக்குத் தேனீக்கு இந்த எதிரி பழக்கமானவன். மொத்தமாக மொய்த்து உருண்டையாகி, 45 டிகிரி செல்சியசுக்குச் சூட்டை ஏற்றிக் கதண்டை வேகவைத்தே கொன்றுவிடும். ஐரோப்பியத் தேனீக்கு அந்தத் தேர்ச்சி போதாது. அதற்காக மனிதர்கள் களத்தில் இறங்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் செய்வதைக் கவனியுங்கள். குடிக்கும் மும்முரத்தில் இருக்கும் கதண்டின் முதுகில் வண்ணப் பேனாவால் ஒரு பொட்டு வைக்கிறார்கள். கொட்டினால் உயிருக்கே ஆபத்தாகக் கூடிய பூச்சி. கை நடுங்கக் கூடாது, அவசரமும் கூடாது. வயிறு நிறைந்த கதண்டு எழுந்து, இடத்தை மனதில் இருத்திக்கொள்வதுபோல் ஒரு வட்டமடித்துவிட்டு, கூட்டை நோக்கி நேர்கோட்டில் போகும். அந்தத் திசையைக் குறித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அதே நிறப் பொட்டு திரும்பி வர எத்தனை நிமிடம்? நிமிடத்துக்குச் சுமார் நூறு மீட்டர் என்பது அவர்களுடைய கைக்கணக்கு. ஐந்து நிமிடமென்றால் கூடு அரை கிலோமீட்டர் தொலைவில். பிறகு குப்பியைத் தூக்கிக்கொண்டு முன்னேறுவார்கள். பக்கத்து வயலில் இன்னொரு குப்பி வைப்பார்கள். வரைபடத்தில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தால், மரத்தின் உச்சியில், இலை மறைவில் கூடு இருக்கும். சில நேரம் இருக்காது. காற்று திசை மாற்றியிருக்கும், அல்லது அடுத்தடுத்து இரண்டு கூடுகள் இருந்து கணக்கைக் குழப்பியிருக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கூட்டை அழிப்பது தனிப்பயிற்சி பெற்றவர்கள் வேலை. இலையுதிர் காலத்துக்குள் அழித்துவிட்டால், அதிலிருந்து நூற்றுக்கணக்கில் வெளியேறும் புது ராணிகள் தடுக்கப்படும்.

பொறி வைத்துக் கொல்லலாமே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சரியாகச் செய்யாத பொறியில் கதண்டைவிட மற்றப் பூச்சிகளே அதிகம் விழும். பொறி வைத்தவன் தூங்கப் போகலாம் என்பதுதான் அதிலுள்ள வசதி.

தேனீக்களின் நோய் பார்ப்பதிலும் இதே கண்தான் வேண்டும். அமெரிக்கன் ஃபவுல் புரூட் என்ற புழு அழுகல் நோயைக் கண்டுபிடிக்க ஒரு தீக்குச்சி போதும். குழிவிழுந்த அறை மூடியைக் குத்தி மெல்ல இழுத்தால், பழுப்பு நிறத்தில் பிசின்போல நூல் நீளும். பிரிட்டனில் அந்தக் குடியைக் குழி வெட்டி எரித்துவிடுகிறார்கள். நூல் அறுபடும் இடத்தைப் பார்த்தே அனுபவசாலி ஓரளவு தீர்மானித்துவிடுவார், ஆய்வுக்கூடம் பிறகுதான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020-இல், மஞ்சள்கால் கதண்டைவிடப் பெரிய ராட்சதக் கதண்டின் உடலில் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலால் சின்ன ரேடியோ கருவியைக் கட்டி அனுப்பி, கூட்டைக் கண்டுபிடித்தார்கள். 2024 டிசம்பரில், அந்த இனம் நாட்டிலிருந்து ஒழிந்தது என்று அறிவிப்பும் வந்தது. பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் கை நயத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், நான் ஜெர்சிக்காரர்களுக்குத்தான் கூடுதலாகப் போடுவேன்.