எட்டாமவரின் ஐயம்

றெஜினால்ட் றோஸ் 1954இல் தொலைக்காட்சிக்கென எழுதிய நாடகமே, 1957இல் சிட்னி லூமெற்றின் நெறியாள்கையில் 'ருவெல்வ் ஆங்கிறி மென்' எனும் திரைப்படமாயிற்று. தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 18 வயது இளைஞனின் விதியைப் பூட்டிய அறைக்குள் 12 ஜூரிகள் ஆராய்கின்றனர். முதல் வாக்கெடுப்பில் 11 பேர் அவனைக் குற்றவாளி என்கின்றனர். எட்டாமவர் மட்டும் உடன்படவில்லை. அவன் நிரபராதி என்று அவர் சாதிக்கவில்லை. ஓர் உயிரைப் பற்றி முடிவுசெய்யுமுன் சற்றுப் பேசவேண்டும் என்றே கேட்கிறார்.

இப்படத்தைத் தனிமனித மனச்சான்றின் வெற்றியாகப் போற்றுவது வழக்கம். அது பாதி உண்மையே. அம்மனச்சான்று வெல்வதற்கு விதி இடமளித்தது என்பது மறுபாதி. அந்த நீதிமன்றம் ஒருமித்த முடிவையே ஏற்கும். இலங்கையிலோ 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி ஜூரிகள் எழுவர். ஐவர் ஒருபக்கம் நின்றாலே தீர்ப்பாகும். தனித்து நின்ற எட்டாமவரின் குரல் இங்கு சில நிமிடங்களில் அடங்கியிருக்கும்.

கல்முனை முதலான அம்பாறைக் கரையோர ஊர்களில், பள்ளிவாசல் மரைக்கார்மார் தத்தம் குடிகளின் சார்பில் அமர்ந்து பிணக்குகளைத் தீர்த்துவைக்கும் மரபு உண்டு. அங்கு யார் எக்குடியினர் என்பது வெளிப்படை. ஜூரி முறையோ குடியையும் பெயரையும் வாயிலிலேயே களைந்துவருமாறு கேட்கிறது. படத்திலும் ஜூரிகளுக்கு இலக்கங்களே உள. இறுதியில் இருவர் மட்டும் பெயர் சொல்லிப் பிரிகின்றனர். ஆயினும் அப்பெயரற்ற அறைக்குள்ளும் சேரி மக்கள் மீதான வெறுப்பு நுழைந்துவிடுகிறது. பத்தாமவர் அதனைக் கக்கும்போது, மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து முதுகு காட்டுவதே படத்தின் உச்சக் காட்சி.

படத்தின் எல்லையும் இங்கேயே புலப்படுகிறது. முற்சாய்வு தண்டிக்கவே தூண்டும் என்பது அதன் எடுகோள். முற்சாய்வு விடுவிக்கவும் தூண்டலாமன்றோ? திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11இல் 24 தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அநுராதபுரத்தில் நடைபெற்ற விசாரணையில், குற்றஞ்சாட்டப்பட்ட 6 இராணுவத்தினரையும் 2016 யூலை 27இல் ஜூரிகள் விடுவித்தனர். எம்மொழி பேசும் ஜூரிகள் வேண்டுமெனத் தெரிவுசெய்யும் உரிமை எதிரிக்கு உண்டு. இறந்தோர் தரப்புக்கு இல்லை. அவ்வெழுவரின் முடிவு நேர்மையான ஐயத்தினின்று பிறந்ததா, வேறொன்றினின்று பிறந்ததா என்பதை வெளியே நிற்போர் அறியார். ஜூரிகள் காரணம் கூறக் கடமைப்பட்டவரல்லர்.

இத்தகைய தீர்ப்புகளுக்குப் பின்னரும் படம் பழையதாகிவிடவில்லை. மாறாக, அதன் பெறுமதி கூடுகிறது. கிழவர் 15 விநாடியில் கதவை அடைந்தார் எனும் சாட்சியத்தை, எட்டாமவர் தாமே நொண்டி நடந்து அளந்து பார்க்கிறார். 41 விநாடி ஆகிறது. அவரது ஐயம் உழைத்துப் பெற்ற ஐயம். தண்டிப்பதாயினும் விடுவிப்பதாயினும், அவ்வுழைப்பு இல்லாத தீர்ப்பு வெறும் எண்ணிக்கையே. மூடிய கதவின் பின்னால் அவ்வாறு நடந்து பார்க்க ஒருவராயினும் எழுந்தாரா என்பதே, இறந்தோரின் உறவினர் கேட்க உரிமையுள்ள வினா.