உதிரிபாகம் தீராத துப்பாக்கியா?

அமெரிக்காவில் ராணுவம் கழித்துவிட்ட ரைஃபிள் ஒன்றை வாங்க நினைப்பவருக்கு முதலில் கிடைக்கும் யோசனை, எம்1 காரண்டைப் பாருங்கள் என்பதுதான். கூடவே ஒரு காரணமும் சொல்வார்கள்: சுமார் 54 லட்சம் செய்யப்பட்ட துப்பாக்கிக்கு உதிரிபாகப் பஞ்சம் எப்படி வரும்? இந்த நம்பிக்கை பாதிதான் சரி. எந்தப் பாதி என்று பாராமல் பணத்தைக் கொட்டுபவர்கள் நிறைய.

1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ரைஃபிள் இது. ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச்சாலையில் ஜான் காரண்ட் வடிவமைத்தார். எட்டுத் தோட்டாக்கள் அடங்கிய கிளிப்பை மேலிருந்து அழுத்திச் செருக வேண்டும். விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று வெடித்து, அடுத்தது தானாக ஏறும். இரண்டாம் உலகப் போருக்கும் கொரியப் போருக்கும் பிறகு நேச நாடுகளுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். டென்மார்க், கிரீஸ், பிலிப்பைன்ஸ் என்று பல திசைகளிலிருந்து அவை திரும்பி வந்தன. 1996இல் சட்டத்தின் மூலம் அமைந்த சி.எம்.பி. என்ற லாபநோக்கற்ற அமைப்பு அவற்றைத் தகுதியுள்ள குடிமக்களுக்கு விற்கிறது. ஆனால் எத்தனை செய்யப்பட்டன என்பது வேறு, எத்தனை கைக்கு வரும் என்பது வேறு. தென் கொரியா விற்க முன்வந்த பழைய எம்1களை 2010இல் அமெரிக்க வெளியுறவுத் துறை தடுத்து நிறுத்தியது. கிடங்கு நிரம்புவதும் வற்றுவதும் அரசியலைப் பொறுத்தது.

இனி பாகங்களுக்கு வருவோம். ஸ்பிரிங், பின், கிளிப், வால்நட் கட்டை ஆகியவை இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. பேரலையும் தனியார் நிறுவனங்கள் கடைந்து தருகின்றன. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் ஆப்பரேட்டிங் ராடில்தான். பேரலின் வாய்க்கு அருகே உள்ள சிறு துளை வழியாக வெளியேறும் வாயு, வளைந்து நெளிந்த இந்த நீண்ட தண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தண்டு, பேரலின் பின்வாயை மூடியிருக்கும் போல்ட்டைத் திறக்கிறது. துப்பாக்கியின் உயிர்நாடியும் பலவீனமும் இதுவே. ராணுவத் தோட்டாவில் இருந்தது 150 கிரெய்ன் குண்டு. அதைவிடக் கனமான குண்டும் மெதுவாக எரியும் மருந்தும் கொண்ட வேட்டைத் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால், துளைக்கு வரும் அழுத்தம் கூடித் தண்டு வளைந்துவிடும். வாயுவை மட்டுப்படுத்தும் திருகு மூடிகள் விற்பனைக்கு உண்டு, உதவும். ஆனால் அதை மாட்டிவிட்டோம், இனி எதையும் சுடலாம் என்று நினைப்பது அசட்டுத் துணிச்சல்.

இந்தத் தண்டின் விலையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. போர்க்காலத் தண்டுகளில் கைப்பிடி சேரும் மூலை செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தது. அந்த மூலையில் விரிசல் விட்டது. ராணுவம் அங்கே அரைவட்டமாகக் குடைந்து குறையைத் தீர்த்தது. பழுதுபார்க்க வந்த தண்டுகள் பெரும்பாலும் இப்படித் திருத்தப்பட்டதால், திருத்தப்படாதவை அரிதாகிவிட்டன. இன்று சேகரிப்பாளர்கள் அந்த அரிய தண்டுக்கே பல மடங்கு கொடுக்கிறார்கள். விரிசல் விடக்கூடியது விலை உயர்ந்தது, விடாதது மலிவு! பின்புறக் குறிநோக்கியிலும் இதே கதைதான்: அசையாமலிருக்கப் பூட்டுச் சட்டம் வைத்த முந்தைய வகைக்குக் கிராக்கி, அதைவிட நன்றாக வேலை செய்யும் பிந்தைய வகை சாதாரணம். ஆக, உதிரிபாகச் சந்தை என்று ஒன்று இல்லை. இரண்டு சந்தைகள் ஒரே கடையில் நடக்கின்றன. சுடுவதற்கு வாங்குபவர் சேகரிப்பாளரின் விலைப்பட்டியலைப் பார்த்துத் தரத்தை எடைபோட்டால் ஏமாந்துபோவார்.

துப்பாக்கி செய்யப்பட்ட மாதத்துக்குப் பொருந்தும் பாகங்களைத் தேடித் தேடி மாட்டுகிறார்களே, அதுவும் எனக்கு உடன்பாடில்லை. ராணுவப் பட்டறைகள் கழற்றிய பாகங்களைக் கலந்து போட்டுத்தான் திரும்பப் பூட்டின. அந்தக் கலப்படம்தான் அந்தத் துப்பாக்கியின் உண்மையான வரலாறு.

மாற்றியமைக்கப்பட்டவை தனிக் கதை. 1960களில் அமெரிக்கக் கடற்படை தன் காரண்டுகளை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்ற விரும்பியது. காரண்டின் பழைய 30-06 தோட்டாக் கூட்டின் நீளம் 63 மி.மீ., நேட்டோவுடையது 51. சிக்கனமான வழி என்று, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் ஓர் உருளைச் செருகியைத் திணித்தார்கள். சுடச்சுட அது தளர்ந்து, காலிக் கூட்டோடு வெளியே வந்து விழுந்தது. அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் நீளமான சேம்பரில் கூடு தாங்கலின்றி வெடிக்கும். கடற்படையே பிறகு புத்தி தெளிந்து புது 7.62 பேரல்களுக்கு மாறியது. இவ்வகையில் செருகி வைத்ததைச் சுவரில் மாட்டலாம், சுடக்கூடாது. பேரல் மாற்றியதைத் தயங்காமல் வாங்கலாம். துண்டாக வெட்டிக் கழித்த ரிசீவர்களை, அதாவது போல்ட் ஓடும் உடற்பகுதிகளை, ஒட்டவைத்து விற்றவையும் சந்தையில் உலவுகின்றன. வெல்டிங் எவ்வளவு நேர்த்தியாகத் தெரிந்தாலும், போல்ட்டைத் தாங்கும் எஃகின் பதம் வெப்பத்தில் என்ன ஆயிற்று என்பதை வெளிப்பார்வை சொல்லாது. இதற்கு எந்த உதிரிபாகமும் பரிகாரம் ஆகாது.

பராமரிப்பில் பலர் தவறுவது எண்ணெயில். காரண்டுக்கு வேண்டியது கிரீஸ். கனமழையில் எண்ணெய் கழுவப்பட்டு போல்ட் இறுகியதைக் கண்ட பிறகே ராணுவம் கெட்டியான கிரீஸைக் கொடுக்கத் தொடங்கியது. போல்ட்டின் பூட்டுக் காதுகளிலும் தண்டு உராயும் இடங்களிலும் மெல்லிய பூச்சு போதும். ரிசீவர் பின்பக்கம் மூடியிருப்பதால் பேரலை வாய்ப்பக்கமிருந்துதான் துடைக்க வேண்டும். எஃகுக் கம்பியை அலட்சியமாக நுழைத்துத் துடைத்தவர்களே பல பேரல்களின் வாயைத் தேய்த்திருக்கிறார்கள். பழைய தோட்டாக்களைச் சுடுபவர் இன்னொன்றையும் அறிய வேண்டும்: 1950களின் தொடக்கம் வரை செய்யப்பட்ட 30-06 ராணுவத் தோட்டாக்களின் பிரைமர், ஈரத்தை இழுக்கும் உப்பை விட்டுச்செல்லும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். முதலில் தண்ணீர், உலர்ந்த பிறகு எண்ணெய். ஆப்பரேட்டிங் ராடின் ஸ்பிரிங் புதிதில் ஏறத்தாழ 20 அங்குலம். 19க்குக் கீழே குறுகியிருந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். தோட்டா ஏறவில்லை என்று தண்டையும் கிளிப்பையும் குறைசொல்லி மாற்றுவதற்கு முன், சில டாலருக்குக் கிடைக்கும் இந்த ஸ்பிரிங்கை அளந்து பார்ப்பது மேல்.

இலக்கு சுடுவதற்காக வாங்குபவருக்கு என் தீர்ப்பு: வெல்டிங் படாத ரிசீவர், கலப்புப் பாகங்கள், மூலை குடைந்த தண்டு, புதுப் பேரல். 30-06 பேரல் தேய்ந்திருந்து தோட்டாச் செலவும் கணக்கில் இருந்தால் 7.62 பேரல் பொருத்தலாம். ஆனால் போர்க்காலத்திலிருந்து யாரும் கழற்றாமல் ஒன்று கையில் வந்தால், அதை மாற்றியமைக்கக் கூடாது. அப்படிப்பட்டவை மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. எதை வாங்கினாலும் பேரலின் தொண்டைத் தேய்மானத்தையும் வாய்த் தேய்மானத்தையும் அளவுக்கருவி வைத்துப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். அளக்க விடாத வியாபாரியிடம் பேசவே தேவையில்லை.