நாம்பனுக்குப் படலை இல்லை

யாழ்ப்பாணத்துப் பழைய தெருவோரங்களில் சுமைதாங்கியும் தண்ணீர்த் தொட்டியும் ஆவுரோஞ்சிக் கல்லும் அருகருகே நிற்கும். கடைசியாகச் சொன்னது மாட்டுக்கென்றே நட்டது. தினவெடுத்த பசு கழுத்தையும் விலாவையும் அதில் உரோஞ்சிக்கொள்ளும். ஐரோப்பியப் பால் பண்ணைகளில் இன்று இதே காரியத்துக்கு மின்சாரத்தில் சுழலும் தூரிகைகள் பூட்டுகிறார்கள். நாம் பெருமைப்படலாம். ஆனால் ஊர் மாடெல்லாம் உரோஞ்சும் கல்லில் படர்தாமரையும் உண்ணியும் மாட்டுக்கு மாடு தாவும். பொதுத் தொட்டியில் கோமாரி கண்ட மாட்டின் எச்சிலும் கலக்கும். அன்பாக நட்ட கல்லே நோய்க்கும் வழிவிடுகிறது.

வளவுக்குள் இரண்டு மூன்று மாடு வளர்க்கும் நம் முறையின் பலமும் பலவீனமும் இப்படித்தான் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அடைத்த வேலியும் ஒற்றைப் படலையும் அந்நிய மாட்டை வெளியே நிறுத்துகின்றன. காசு கொடுத்து அமைக்க வேண்டிய காப்பு இங்கே முற்றத்தோடு வந்தது. காலையில் பிண்ணாக்குத் தண்ணியை முகர்ந்துவிட்டு மாடு முகத்தைத் திருப்பினால், வீட்டுக்காரிக்கு அன்றைக்கே விளங்கிவிடும். நூறு மாட்டுப் பண்ணையில் அந்தக் கண் கிடைக்காது.

படலை ஆட்களுக்குத் திறக்கும் என்பதுதான் சிக்கல். சினைப்படுத்த வருபவரும் மாட்டு வியாபாரியும் ஒரே நாளில் பல கொட்டில்களை மிதிக்கிறார்கள். கால் கழுவிவிட்டு வாருங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வராது, மரியாதைக் குறைவாம். படலைக்குள் ஒரு வாளி கிருமிநாசினித் தண்ணீர் வைப்பதற்குப் பெரிய செலவில்லை.

2020இல் வடக்கில் தோல் கழலை நோய் பரவியபோது வேலியின் எல்லையும் தெரிந்துபோனது. கடிக்கும் ஈக்களும் நுளம்புகளும் சுமந்து வந்த வைரசுக்குப் படலை ஒரு பொருட்டல்ல. தோட்டத்துக்கென்று கொட்டிலடியிலேயே சேர்க்கும் எருக்கும்பிதான் அந்த ஈக்களுக்குத் தொட்டில். கும்பியைத் தள்ளி வைக்கலாமென்றால் சின்ன வளவில் அடுத்தது கிணற்றடி. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் சாணத்து நைத்திரேற்று குடிதண்ணீருக்கே இறங்கும். மூடி வைப்பதும் அடிக்கடி தோட்டத்துக்கு ஏற்றுவதும் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது நாம்பன் கன்று. உழவுக்கு உழவு இயந்திரம் வந்தது, சினைக்கு ஊசி வந்தது. அதற்கு வேலை போயிற்று. பட்டிப் பொங்கலன்று தாய்க்கு மாலை போடும் கை, மற்ற நாட்களில் கன்றின் பங்குப் பாலையும் கறந்துவிடுகிறது. பிறகு அதை இறைச்சிக்கு விற்பார்கள். மனம் ஒப்பாதவர்கள் தெருவில் அவிழ்த்துவிடுவார்கள். விற்காமல் விட்டதைப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். 2022 மார்கழிக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்தன. கூரையில்லாமல் வளர்ப்பதன் விலை அப்போது எல்லோர் கண்ணிலும் பட்டது.

அவிழ்த்துவிட்ட நாம்பனுக்குக் கூரையோடு தடுப்பூசியும் இல்லை. அது கட்டாக்காலியாகித் தரவையில் மேய்கிறது, ஊர்த் தொட்டியில் குடிக்கிறது, நோயை வாங்குகிறது. பொழுதுபட வந்து, பழக்கதோஷத்தில், தான் பிறந்த வளவின் வேலியோரம் படுக்கிறது. உள்ளே அதன் தாய் நிற்கிறது. வேலிக்கு மேலால் ஈ பறக்கிறது.