சலீம் மிர்ஸாவும் பல்ராஜ் ஸாஹ்னியும்

குணசித்திர நடிகர்களைப் பற்றி நம்மிடையே எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் படங்களின் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. பல்ராஜ் ஸாஹ்னி விடயத்தில் இன்னொரு வசதியான வாய்ப்பாடும் உண்டு. 1972இல் அவரது மகள் ஷப்னம் அகால மரணமடைந்தார். அந்தத் துயரமே ‘கர்ம் ஹவா’வில் மகளை இழக்கும் சலீம் மிர்ஸாவாக வெளிப்பட்டது என்பதே அது. இந்த வாசிப்பு எனக்கு உடன்பாடானதல்ல. ஒரு கலைஞனின் கால் நூற்றாண்டு உழைப்பை அது ஒரேயொரு மரணத்தின் விளைவாகச் சுருக்கிவிடுகிறது.

ராவல்பிண்டியில் 1913இல் பிறந்த ஸாஹ்னி, லாகூரில் ஆங்கில இலக்கியம் கற்றவர். சாந்திநிகேதனில் ஆசிரியர், லண்டன் பி.பி.சி.யில் அறிவிப்பாளர், பின்னர் இப்டா நாடக இயக்கத்தின் செயற்பாட்டாளர். படித்த நடுத்தர வர்க்கத்து மனிதரான இவர் ‘தோ பீகா ஜமீன்’ (1953) படத்தில் கல்கத்தாவின் ரிக்ஷா இழுப்பவராக நடித்தார். தெருவில் ரிக்ஷா இழுத்துப் பழகியும் நம்பிக்கை வரவில்லை. அப்போது சந்தித்த ஒரு தொழிலாளி, பீகாரில் தன் இரண்டு பீகா நிலம் ஜமீன்தாரிடம் அடகில் கிடப்பதைச் சொன்னார். கதையே எதிரில் வந்து நின்றது. நடிப்புக் கோட்பாடுகளை ஒதுக்கிவிட்டு அம்மனிதரையே தனக்குள் ஏற்றுக்கொண்டதாக ஸாஹ்னி தன் சுயசரிதையில் எழுதுகிறார். பிறர் துயரைக் கேட்டு வாங்கும் இந்தப் பழக்கம் மகளின் மறைவுக்கு இருபது ஆண்டுகள் முந்தியது.

எம். எஸ். சத்யு இயக்கிய ‘கர்ம் ஹவா’வின் சலீம் மிர்ஸா, பிரிவினைக்குப் பிந்திய ஆக்ராவில் காலணி உற்பத்தி செய்பவர். உறவினர் ஒவ்வொருவராகப் பாகிஸ்தானுக்குப் போகின்றனர். கடன் கிடைப்பதில்லை, வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. அண்ணன் பெயரிலிருந்த பூர்வீக வீடு கைமாறி, சிந்துவிலிருந்து வந்த ஒரு வியாபாரியைச் சேர்கிறது. இத்தனைக்கும் ஸாஹ்னி குரலை உயர்த்துவதில்லை. மகள் ஆமினாவின் சடலத்தின் முன்னும் அழுது புலம்பும் வாய்ப்பை அவர் எடுத்துக்கொள்வதில்லை.

அந்த அடக்கத்துக்கு வேறொரு வேரும் உண்டென்று நினைக்கிறேன். 1947இல் ஸாஹ்னி குடும்பமும் ராவல்பிண்டியை இழந்தது. பின்னாளில் பாகிஸ்தானுக்குச் சென்று வந்து பஞ்சாபியில் பயணநூல் எழுதினார். தம்பி பீஷ்ம ஸாஹ்னி ‘தமஸ்’ நாவலில் அதே பிரிவினைக் கலவரத்தை எழுதினார். எல்லைக்கு அப்பால் ஊரை இழந்த இந்து ஒருவர், இப்பால் வீடிழக்கும் முஸ்லிமாக நடிக்கிறார். இருவரில் யார் பாதிக்கப்பட்டவர் என்ற கணக்கு அவர் முகத்தில் இல்லை.

குடும்ப வாழ்வைப் பேசுவோர் மறந்துவிடும் பெயர் தமயந்தி. பிருத்வி தியேட்டரின் மேடையிலும், கணவருடன் ‘தர்த்தி கே லால்’ (1946) படத்திலும் நடித்த முதல் மனைவி. 1947இல் இளவயதிலேயே காலமானார். தாயற்ற இரு பிள்ளைகள்; தந்தையோ அரசியற் கைதியாகச் சிறையிலிருந்து படப்பிடிப்புக்கு வந்துபோன காலமும் உண்டு. கொள்கைக்கான விலையைக் குடும்பமும் செலுத்தியது. புகழுரைகளில் இதற்கு இடமில்லை.

‘கர்ம் ஹவா’வின் குரற்பதிவை முடித்த கையோடு, 1973 ஏப்ரல் 13இல் ஸாஹ்னி காலமானார். படம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. இறுதிக்காட்சியில், நாட்டை விட்டுப் போகப் புறப்பட்ட சலீம் மிர்ஸா வண்டியிலிருந்து இறங்கி, உரிமை கேட்டுச் செல்லும் ஊர்வலத்தில் கலக்கிறார். அந்த இறக்கத்தை நம்பவைப்பது மகளை இழந்த தந்தையின் கண்ணீரல்ல. பிறர் வாழ்வைக் கேட்டறிந்த ஒரு நடிகனின் நிதானம்.