கைப்பேசித் திரையில் திருமறை வசனம்: ஒரு திறனாய்வு

இன்று நம் சபையார் திருமறையின் சொற்களை மிகுதியாகக் காணும் இடம் ஆலயத்துப் பீடச்சுவரன்று; வீட்டுக் கூடத்தில் தொங்கும் நாட்காட்டியுமன்று. அவர்கள் கையிலுள்ள கைப்பேசியின் முகப்பே அவ்விடமாகிவிட்டது. ஒளிமிக்க ஒரு படம், அதன்மேல் ஒரு வசனம்: இதனையே மக்கள் 'வால்பேப்பர்' என்கின்றனர். புத்தாண்டிலும் மாதத்தின் முதல் நாளிலும் ஆயர்கள் பலர் இவற்றைத் தாமே செய்து சபையாருக்கு அனுப்புகின்றனர். அருளுரையை வாரத்துக்கு ஒருமுறை கேட்பவர், இம்முகப்பை நாளொன்றுக்குப் பன்முறை காண்கிறார். ஆதலால் இது சிறு பொருளெனத் தள்ளத்தக்கதன்று.

ஒரு வசனத்தைத் தெரிந்தெடுத்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை நீக்கி, ஒரு படத்தோடு இணைத்து வைப்பவர், அறிந்தோ அறியாமலோ திருமறைக்கு விளக்கம் கூறிவிடுகிறார். எனவே, அருளுரையை அளக்கும் அளவுகோலாலேயே இதனையும் அளத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. பொதுப்படப் பேசுவதினும் ஒரு வட்டாரத்தை மனத்திற்கொண்டு பேசுதல் நன்று. ஆகவே, கொங்கு நாட்டுத் தாராபுரம் பகுதிச் சபைகளை நாம் முன்னிறுத்திக்கொள்கிறோம். அமராவதி ஆற்றங்கரையிலுள்ள இவ்வூரின் சுற்றுப்புறம் மழை குறைந்த மேட்டுநிலம். வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் பணியால் வளர்ந்து, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த இப்பகுதிச் சபைகளில் நிலமற்ற உழைப்பாளர் பலர். அவர்தம் பிள்ளைகளுள் பலர் இன்று திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் பஞ்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். இம்மக்களின் கையிலுள்ள திரையில் எவ்வசனம், எப்படத்தோடு, எவ்வெழுத்தில் வருகிறது என்பதை ஆராய்வோம்.

நிலைக்காலும் நாட்காட்டியும்

வசனத்தைக் கண்முன் வைத்துக்கொள்ளும் வழக்கம் புதியதன்று. கட்டளைகளைக் கையில் அடையாளமாகக் கட்டவும், வீட்டு நிலைக்கால்களில் எழுதவும் உபாகமம் 6:6-9 பணிக்கிறது. யூதர் இன்றளவும் தம் நிலைக்கால்களில் பொருத்தும் மெசூசாவினுள் உபாகமம் 6:4-9, 11:13-21 ஆகிய இரு பகுதிகளும் தோற்சுருளில் எழுதப்பட்டுள்ளன. இரண்டாம் பகுதியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பருவந்தோறும் மழை தரப்படும் என்னும் வாக்குறுதி அதில் உண்டு. மக்கள் வேறு தெய்வங்களின் பின்சென்றால் வானம் அடைபடும் என்னும் எச்சரிக்கையும் உண்டு. வாசலைக் கடப்பவர் முன்னே வாக்குறுதி, கட்டளை, எச்சரிக்கை ஆகிய மூன்றும் ஒருங்கே நிற்கின்றன.

நம் வழக்கம் பிறிதொரு மரபினின்று வந்தது. ஜெர்மானியப் பக்திநெறியாளரான போகாட்ஸ்கி 1718-இல் வெளியிட்ட வசனத் தொகுப்பு, பொருட்பேழையெனப் பெயர் பெற்று வீடுதோறும் பரவிற்று. ஹெர்ன்ஹூட் ஊரின் மொரேவியச் சபையார் 1728-இல் நாளுக்கொரு வசனம் வழங்கும் முறையைத் தொடங்கி, 1731 முதல் அதனை நூலாக அச்சிட்டு வருகின்றனர். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அதே பக்திநெறி இயக்கத்தில் உருவானவரே. ஆண்டிறுதி ஆராதனையில் எடுக்கப்படும் வாக்குத்தத்த அட்டை, சிவகாசியில் அச்சாகும் வசன நாட்காட்டி, இப்போது கைப்பேசி முகப்பு ஆகிய யாவும் இத்தகைய பக்தியின் வழிவந்தவை எனலாம்.

இம்மரபு எளியோர் பலரைத் துன்பத்தில் தாங்கியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மொரேவியர் தம் நூலில் பழைய ஏற்பாட்டு வசனத்தைத் தனியே விடாமல், அதனோடு பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றையும் சேர்த்துத் தருகின்றனர். ஒன்று மற்றொன்றை விளக்குகிறது. நம் முகப்புப் படத்திலோ ஒற்றை வசனமே நிற்கிறது. அதுவும் 'வாக்குத்தத்தம்' என்னும் வகையைச் சேர்ந்ததாகவே இருக்கிறது. நிலைக்காலில் இருந்த கட்டளையும் எச்சரிக்கையும் வழியில் உதிர்ந்துவிட்டன.

எவ்வசனம்?

உலகெங்கும் பயன்படும் யூவெர்ஷன் என்னும் திருமறைச் செயலி, மக்கள் மிகுதியாக நாடிய வசனத்தை ஆண்டுதோறும் அறிவித்து வருகிறது. 2020, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அது ஏசாயா 41:10. அச்சம் வேண்டா, இறைவன் உடனிருக்கிறார் என்று உறுதி கூறும் வசனம் அது. கொள்ளைநோய்க் காலத்திலும் அதன் பின்னரும் மாந்தர் இதனை நாடியதில் வியப்பில்லை. நம் தமிழ்ச் சபைகளிலும் இது பெரிதும் விரும்பப்படும் வசனமே.

ஆனால் இவ்வசனத்தில் 'நீ' என அழைக்கப்படுவது யார்? 8-ஆம் வசனம் அதனைத் தெளிவாக்குகிறது: அடிமைப்பட்ட ஒரு மக்களினம், இறைவனின் ஊழியனாகிய இஸ்ரயேல். மேலும் படித்துச் சென்றால், 17-ஆம் வசனத்தில் எளியோர் தண்ணீரைத் தேடிக் காணாமல் நாவறண்டு நிற்கின்றனர். 18-இல் மேட்டு நிலத்தில் ஆறுகள் திறக்கப்படுகின்றன. 19-இல் வறண்ட வெளியில் சீத்திம் முதலிய மரங்கள் நடப்படுகின்றன. அச்சம் நீங்குக என்னும் சொல்லின் முடிவு, தண்ணீரற்ற ஏழைகளுக்குத் தண்ணீர் கிடைப்பதிலேயே இருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு வற்றிய ஊரிலே, காலிக்குடத்தோடு காத்திருக்கும் பெண்ணின் கைப்பேசியில் 10-ஆம் வசனம் மட்டும் இருந்து, 17-ஆம் வசனம் இல்லாதிருத்தல் எத்துணைப் பெரிய இழப்பு! அவருக்கே உரிய பகுதி அவருக்கு மறைக்கப்படுகிறது.

அடுத்தது எரேமியா 29:11. எதிர்காலம் பற்றிய நம்பிக்கை தரும் இவ்வசனம் தேர்வெழுதும் மாணவர்க்கும் வேலை தேடும் இளைஞர்க்கும் வழங்கப்படுகிறது. இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றோர்க்கு எழுதப்பட்ட மடலின் ஒரு வரி. விடுதலைக்கு 70 ஆண்டுகள் ஆகும் என்று அதற்கு முந்தைய வசனமே கூறிவிடுகிறது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், நீங்கள் வாழும் அந்நிய நகரின் நலனை நாடுங்கள் என்பதே மடலின் அறிவுரை. இங்கே தமிழ் மொழிக்கு ஒரு சிறப்பு உண்டு. ஆங்கிலத்தில் ஒருமையும் பன்மையும் ஒரே சொல்லாய் நிற்க, தமிழ்த் திருமறையோ எபிரெய மூலத்தைப் போலவே 'உங்கள்' எனப் பன்மையில் பேசுகிறது. அவ்வாறிருந்தும், மலையுச்சியில் தனித்து நிற்கும் இளைஞன் ஒருவனின் படத்தின்மேல் இவ்வசனம் பொறிக்கப்படுகிறது. சொல் பன்மை, படமோ ஒருமை. ஊர்விட்டுத் திருப்பூரில் விடுதியில் தங்கி உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு அம்மடல் முழுவதும் தேவை. தங்கியுள்ள நகரின் நலனில் தமக்கும் பங்குண்டு என்பது அவர்கள் கேட்கவேண்டிய செய்தி.

பிலிப்பியர் 4:13 இவற்றினும் மிகுதியாகத் திரிக்கப்படுகிறது. சிறையிலிருந்து எழுதும் பவுல், பசியிலும் நிறைவிலும் மனநிறைவோடிருக்கக் கற்றுக்கொண்டதாக 11, 12-ஆம் வசனங்களில் கூறி, அதன் முடிவாகவே இதனைச் சொல்கிறார். உடற்பயிற்சி செய்பவர், ஓட்டப்பந்தய வீரர் ஆகியோரின் படங்களோடு சேரும்போது இது வெற்றி முழக்கமாக மாறிவிடுகிறது. குறைவைத் தாங்கும் ஆற்றலைப் பற்றிய சொல், குறைவே இல்லாதவரின் பெருமிதமாகிறது.

எப்படம்?

படங்களைப் பொறுத்தவரை நம் நிலை மேலும் வருந்தத்தக்கது. பனி மூடிய மலை, ஊசியிலைக் காடு, ஏரிக்கரையில் மரப்பாலம்: இவை தாராபுரத்தார் எவரும் தம் ஊரில் கண்டறியாதவை. இயேசுவின் முகமும் அவ்வாறே. அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் 1940-இல் வரைந்த தலைப்படம் 50 கோடிக்கும் மேற்பட்ட படிகளாக உலகெங்கும் பரவியது என்பர். நம் வீட்டுச் சுவர்களில் இருந்த அம்முகமே இன்று திரைக்கும் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவால் புதிதாக ஆக்கப்படும் படங்களும் பெரும்பாலும் அதே வெள்ளை முகத்தையே திரும்பத் தருகின்றன. கருவி புதிது, கற்பனை பழையது.

மாற்று வழி காட்டியோர் நம்மிடையே இல்லாமலில்லை. ஆந்திர லுத்தரன் சபையைச் சார்ந்த சாலமன் ராஜ் துணிச்சாய ஓவியங்களிலும் மரச்செதுக்கு அச்சுகளிலும் நம் நாட்டு எளியோர் நடுவே கிறிஸ்துவைக் கண்டார். ஜோதி சாகி நம் மண்ணின் குறியீடுகளைக் கொண்டு வரைந்தார். ஆசியக் கிறிஸ்தவக் கலைச் சங்கம் 1978-இலேயே தோன்றிவிட்டது. இவர்தம் உழைப்பு, இறையியல் கல்லூரிகளின் நூலகங்களைத் தாண்டிச் சபையாரின் கைக்கு வரவில்லை என்பதே குறை.

23-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியப் புல்வெளியின் படத்தோடுதான் அது நமக்கு வருகிறது. யூதேயாவின் மேய்ச்சல் நிலமோ வறண்டது. அங்கே புல்லும் நீரும் மேய்ப்பன் தேடிக் கொணர்ந்து சேர்க்கும் கொடைகள். தாராபுரம், காங்கயம், மூலனூர் பகுதிகளின் கொறங்காட்டை அறிந்தவருக்கு இது எளிதில் விளங்கும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும் மேய்ச்சல் காடு அது. ஏசாயா கூறும் சீத்திம் மரம் வேல மர இனத்தைச் சார்ந்ததே என்பதையும் நினைவிற்கொள்ளலாம். கோடையில் வெள்வேல நிழலில் ஒதுங்கி நிற்கும் ஆடுகளின் படம் ஒன்று, அச்சங்கீதத்தை நம் மக்களுக்கு எந்தப் பனிமலையினும் நன்றாக விளக்கும்.

எனினும் ஓர் எச்சரிக்கை. உள்ளூர்ப் படம் என்பதாலேயே அது உண்மையான படமாகிவிடாது. கொறங்காட்டுக்கு உரிமையாளர் ஒருவர். அதில் கூலிக்கு ஆடு மேய்ப்பவர் பெரும்பாலும் வேறொருவர். கிராமத்தின் அழகை மட்டும் காட்டி, அங்குள்ள சாதிப் பிரிவினையையும் கூலி உழைப்பையும் மறைக்கும் படம், பனிமலைப் படத்தைப் போன்றே பொய்யுரைக்கும்.

எழுத்தும் அமைப்பும்

அண்மைக்கால வடிவமைப்பு முறையில் நாம் வரவேற்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரே நிறப் பின்னணி, சில சொற்கள், சுற்றிலும் வெற்றிடம் என்னும் எளிமையே அது. ரோசாப்பூவும் புறாவும் ஒளிக்கதிரும் நெருங்கி நின்ற பழைய அட்டைகளினும் இது சொல்லுக்கு மதிப்புத் தருகிறது. வெள்ளையடித்த சுவரில் வசனத்தை மட்டும் எழுதிய சீர்திருத்தச் சபைகளின் மரபுக்கும் இது அணுக்கமானது.

ஆனால் ஆங்கில எழுத்துக்கென அமைந்த சட்டத்தில் தமிழை அப்படியே இட்டால் அது பொருந்துவதில்லை. தமிழ்ச் சொற்கள் நீண்டவை. அவற்றை இடையில் முறித்தல் கூடாது. மெல்லிய கோட்டெழுத்து, படத்தின்மேல் புள்ளியும் கொம்பும் தெரியாமல் மறையும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை வேறொரு செயலியில் இட்டால் பொருளற்ற எழுத்துகளே தோன்றும். ஒருங்குறியில் அமைந்த முக்த மலர், மீரா இனிமை முதலிய எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. இவற்றுள் தடித்த கோடுடையதைத் தெரிந்துகொள்ளலாம். பூட்டிய திரையின் மேற்பகுதியில் மணியும் நாளும் தோன்றுமாதலால், வசனம் நடுவுக்குச் சற்றுக் கீழே அமைவது நன்று. பிறர் எடுத்த படத்தை இசைவின்றி எடுத்தாளுதல் ஆகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வசன எண்ணைச் சிறிதாக மூலையில் ஒதுக்குதல் இன்றைய வழக்கம். அதனை மாற்றுதல் வேண்டும். திருமறையைத் திறந்து முன்னும் பின்னும் படிக்க வாசகருக்குள்ள ஒரே வழி அவ்வெண்ணே. வசனத்துக்குப் பதிலாக முழுப் பகுதியின் எண்ணை, சான்றாக ஏசாயா 41:8-20 எனத் தருவது இன்னும் சிறந்தது.

ஒரு மறுப்பு

துன்புறுவோர்க்கு ஆறுதலே தேவை. கைப்பேசித் திரையில் திருமறை விரிவுரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். மருத்துவமனை வாயிலில் நிற்பவர் ஒற்றை வரியைப் பற்றிக்கொள்வதை நாமும் குறைகூறோம். திருமறை மாந்தரும் அவ்வாறு பற்றிக்கொண்டதுண்டு. நாம் வினவுவது வேறு. உழைத்தவரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதாகக் கூறும் யாக்கோபு 5:4 ஏன் எவர் திரையிலும் வருவதில்லை? நம் சபைகளில் கூலி பெறுவோரும் உண்டு. கூலி கொடுப்போரும் உண்டு. ஆறுதல் வசனத்தை மட்டும் இரு சாராருக்கும் அனுப்பினால், முன்னவர் பொறுமையையும் பின்னவர் மனநிம்மதியையும் மட்டுமே கற்பர். அது நற்செய்தியின் பாதியே.

ஆகவே, ஆயர்களும் இறையியல் மாணவர்களும் ஒரு முகப்புப் படத்தை அனுப்புமுன் தம்மைத் தாமே கேட்கவேண்டியவை சில. இவ்வசனம் முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது? நாம் நீக்கிய வரிகளுள் நம் சபையார் கேட்க வேண்டியது எது? இப்படத்தில் நம் மண்ணும் மக்களும் உளரா? ஆண்டு முழுவதும் அனுப்பியவற்றுள் கட்டளையும் எச்சரிக்கையும் எத்தனை? ஜனவரியில் ஏசாயா 41:10-ஐ அனுப்பியவர் கோடையில் 17, 18-ஆம் வசனங்களை அனுப்பலாம்; மே 1-ஆம் நாளில் யாக்கோபு 5:4-ஐ அனுப்பலாம். சபையின் இளைஞரையே படமெடுக்கவும் எழுத்தமைக்கவும் பழக்கி, அப்பகுதியை அவர்களோடு சேர்ந்து படித்தால், ஒரு படம் உருவாவதற்குள் ஒரு திருமறை ஆய்வு நடந்து முடிந்திருக்கும். நிலைக்காலில் முழுமையாக நின்ற சொல்லை நம் மக்களின் கையிலும் முழுமையாக வைப்பது, இத்தலைமுறை ஆயர்களின் கடமை.